முகம் நன்றாகத் தெரிகிறது

உலக வரலாற்றைக் கி.மு., கி.பி. என்று பிரித்தவர்களுக்கு ஆரணியைப் பற்றித் தெரியாது. தெரிந்திருந்தால் தொ.மு., தொ.பி. என்று பிரித்திருப்பார்கள். அதாவது தொலைமருத்துவத்துக்கு முன், தொலைமருத்துவத்துக்குப் பின். இந்த இரண்டு யுகங்களையும் பிரிக்கும் கோடு 2005ஆம் ஆண்டு ஆயுத பூஜையன்று காலையில், வீரபாகு பட்டு மாளிகையின் மாடியில் விழுந்தது. அது விழும்போது பக்கத்தில் நின்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவன் என்பதால் அடித்துச் சொல்கிறேன்.

என்னைப் பற்றியும் ஒரு வார்த்தை. நான் கற்பகம் ஸ்டுடியோவின் உரிமையாளர். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு என்று இந்த ஊரின் முகங்களை இருபது வருடமாக அழகாக்கி வருகிறேன். தொலைமருத்துவ மையத்துக்குச் சென்னையிலிருந்து கேமரா வந்து இறங்கியபோது, ஊரில் கேமராவின் எந்தப் பக்கம் கண்ணாடி என்று தெரிந்த ஆள் நான் ஒருவனே என்பதால், அதை நடத்தும் குழு என்னைக் 'கௌரவக் காட்சி ஆலோசகர்' ஆக்கியது. சம்பளம் கிடையாது. மரியாதை உண்டு. எங்கள் ஊரில் மரியாதை என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இந்தக் கதையிலேயே தெரியும்.

தொ.மு. காலத்தில் நாங்கள் எப்படி வாழ்ந்தோம் என்பதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. கண்ணமங்கலத்திலிருந்து டாக்டர் முருகேசன் என்பவர் வியாழக்கிழமை தோறும் ஒரு பழைய ஸ்கூட்டரில் வருவார். 'நெசவாளர் நலக் குழு'வின் ஏற்பாடு அது. வருகிறவர் சும்மா இருப்பாரா? வயிற்றை அமுக்குவார். கண்ணைக் கீழே இழுத்துப் பார்ப்பார். "செருப்பைக் கழட்டு, காலைத் தூக்கு" என்பார். தூக்கிய காலைத் தன் மடியில் வைத்துக்கொண்டு விரலிடுக்கையெல்லாம் பிரித்துப் பார்ப்பார். படித்த மனிதர் செய்கிற வேலையா இது?

இந்த அநாகரிகத்துக்கு முடிவு கட்டத்தான் குழுத் தலைவர் வீரபாகு அவசரக் கூட்டம் கூட்டினார். அவர் பட்டு மாளிகையின் முதலாளி. ஊரில் பாதித் தறிகளுக்குப் பாவு நூலும் ஜரிகையும் கொடுப்பவர். சென்னை போயிருந்தபோது ஒரு கண்காட்சியில் தொலைமருத்துவத்தைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

"மெட்ராஸ்ல உட்கார்ந்துகினு அந்தமான்ல இருக்கறவனுக்கு வைத்தியம் பார்க்கறான்யா! நாம இன்னும் ஸ்கூட்டர் டாக்டரைக் கட்டிகினு அழுதுகினு கீறோம்" என்றார்.

ஜரிகைக் கடை துரைக்கண்ணு மெதுவாகக் கையைத் தூக்கினார். "அவரு தொட்டுப் பார்க்கறாருங்களே, முதலாளி?"

"தொட்டா எல்லாருக்குந்தான் தெரியும். தொடாம கண்டுபிடிக்கறவன்தான்யா பெரிய டாக்டரு!"

இந்த வாதத்தின் கனம் தாங்காமல் துரைக்கண்ணு கையை இறக்கிக்கொண்டார். டாக்டர் முருகேசனின் வியாழக்கிழமைகள் ஒருமனதாக ரத்து செய்யப்பட்டன. ஸ்கூட்டருக்கு ஒரு சால்வை போர்த்தி வழியனுப்பினோம். சால்வை டாக்டருக்குத்தான், அவர் மேலே போட்டுக்கொள்ளாமல் ஸ்கூட்டர் சீட்டின் மேல் விரித்து உட்கார்ந்து போய்விட்டார்.

பிறகு மாடியில் குடை கவிழ்த்தது போல ஒரு டிஷ் வந்தது. ஏ.சி. வந்தது. பெரிய டி.வி. வந்தது. டி.வி.யின் தலைமேல் கேமரா வந்தது. நோயாளி உட்கார நாற்காலி, டி.வி.க்கும் நாற்காலிக்கும் நடுவே பட்டுத் துணி போட்ட மேஜை. சென்னையிலிருந்து வந்த இன்ஜினியர், நாற்காலியில் யாரையோ உட்கார வைத்து, முகம் திரையில் நடுவாக வந்ததும் கேமராவை முறுக்கி, அரக்கு வைத்து முத்திரை குத்தினார். "இனிமே இதை யாரும் திருப்பக் கூடாது. திருப்பினா கேரண்டி போயிடும்" என்றார். கழுத்திலிருந்து உச்சந்தலை வரை படம் பிரமாதமாக விழுந்தது. இனி ஆரணியின் எல்லா நோயும் பாஸ்போர்ட் சைஸில் பார்க்கப்படும் என்பது அன்றே முடிவாகிவிட்டது.

திறப்பு விழா ஆயுத பூஜையன்று நடந்ததால் எல்லாவற்றுக்கும் முறைப்படி பூஜை போட்டோம். டி.வி., ஸ்டெபிலைசர், ஜெனரேட்டர் எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், மாலை. அய்யர் கேமராவையும் விடவில்லை. அடுத்த பத்து நாட்களில் வந்த அத்தனை பேருக்கும் இடது கன்னத்தில் ஒரே இடத்தில் ஒரு செந்தடிப்பு இருப்பதைச் சென்னை மருத்துவர் கண்டுபிடித்தார். சாயத்தால் வருகிற தொற்று என்று சந்தேகப்பட்டு எல்லோருக்கும் ஒரே களிம்பு எழுதிக் கொடுத்தார். ஊரே இடது கன்னத்தில் வெள்ளையாகத் தடவிக்கொண்டு நடந்தது. நான் ஒருநாள் தற்செயலாகக் கேமராக் கண்ணாடியைத் துடைத்தேன். அன்று மாலைக்குள் ஆரணி முழுக்கக் குணமாகிவிட்டது! ஒரே துடைப்பில் ஒரு ஊரின் தொற்று ஒழிந்தது மருத்துவ வரலாற்றில் அதுவரை நடந்ததில்லை. அந்த மருத்துவர் இதைப் பற்றி வெளிநாட்டு மாநாட்டில் கட்டுரை படித்ததாகக் கேள்வி.

அந்த மருத்துவர்தான் டாக்டர் இளஞ்செழியன். சென்னையின் ஒரு பெரிய மருத்துவமனையில் குளிர்ந்த அறையில், தடித்த புத்தகங்கள் நிறைந்த அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்திருப்பார். புத்தகங்கள் அசையாமல், தூசி படியாமல் இருந்ததைப் பார்த்து நான் சந்தேகப்பட்டேன். எங்கள் ஸ்டுடியோவின் தாஜ்மஹால் போல அதுவும் திரைச்சீலைதான். சிவந்த முகம், நல்ல பல்வரிசை. அப்படி ஒரு முகம் என் ஸ்டுடியோவுக்கு இதுவரை வந்ததில்லை.

இந்த மகத்தான மையத்தின் முதல் நிரந்தரப் பயனாளியாக வந்து சேர்ந்தவர் ஜெயவேல்.

எங்கள் ஊர்க் கொசப்பாளையத்தில் தறி நெய்பவர். வீரபாகுவின் பாவுதான் அவர் தறியில் ஏறும். தறிக்குழியில் கால்களை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் மிதிக்கட்டை ஒரே சீராக மேலும் கீழும் போகும். வலது கால்தான் அவருக்குச் சோறு. பெரியவர்களைக் கண்டால் வேட்டியை இறக்கிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர். இரண்டு வருடம் முன்பு ஸ்கூட்டர் டாக்டர் அவருக்குச் சர்க்கரை இருக்கிறது என்று கண்டுபிடித்து, தினமும் காலைப் பார்த்துக்கொள்ளும்படி மிரட்டிவிட்டுப் போயிருந்தார்.

ஒருநாள் குழியைக் கூட்டப் போன அவர் மனைவி குணசுந்தரி கத்தினாள். "இன்னாங்க இது, குழியில ரத்தமா கீது!"

மிதிக்கட்டையில் ஓர் ஆணி மேலே கிளம்பியிருந்தது. ஜெயவேலின் வலது பாதத்தில், பெருவிரலுக்குக் கீழே ஒரு பொத்தல். எத்தனை நாளாக அந்த ஆணியை மிதித்தாரோ, அவருக்கே தெரியாது.

"எனக்கு வலிக்கவே இல்லியே" என்றார்.

வியாழக்கிழமை டாக்டர் இல்லாத யுகம் என்பதால் இருவரும் மாடியேறினார்கள். மையத்தின் உதவியாளர் சரண்யா டோக்கன் கொடுத்தாள். நான் ஜெயவேலின் தலையை வாரிவிட்டேன். இணைப்பு கிடைத்தது. சென்னைக்கும் ஆரணிக்கும் நடுவே வானத்தில் பேச்சு போய்வரக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். அதனால் டாக்டர் ஒரு கேள்வி கேட்டு, பதில் வரவில்லையே என்று அடுத்த கேள்வியைக் கேட்கும்போது முதல் பதில் போய்ச் சேரும்.

"வணக்கம் ஜெயவேல்! முகம் நல்லா தெரியுது. பசி எப்படி?"

ஜெயவேல் கும்பிட்டபடி இருந்தார்.

"பீடி, சிகரெட் உண்டா?"

"காலைல நாலு இட்லி, ராத்திரி மூணு தோசைங்க" என்ற பதில் போய்ச் சேர்ந்தது.

"குறைச்சுக்கணும்" என்றார் டாக்டர்.

குணசுந்தரி குறுக்கே புகுந்தாள். "சார், அவருக்குக் கால்ல புண்ணு சார். ஆணி ஏறிடுச்சி. சக்கரை வேற கீது."

"அப்படியா? காட்டுங்க பார்க்கலாம்" என்றார் டாக்டர்.

மருத்துவ வரலாறு இங்கே ஒரு கணம் தயங்கி நின்றது. முத்திரை வைத்த கேமரா கீழே திரும்பாது. ஆகவே கால்தான் மேலே வர வேண்டும். அதாவது ஜெயவேல் தன் காலைத் தூக்கி, பட்டுத் துணி போட்ட மேஜைமேல் வைத்து, மாலை போட்ட இயந்திரத்துக்கு எதிரே, சென்னை மருத்துவரின் முகத்துக்கு நேராக உள்ளங்காலை நீட்ட வேண்டும்.

ஜெயவேல் பதறி எழுந்துவிட்டார். "ஐயய்யோ! டாக்டரு மூஞ்சிக்கு நேரா காலைக் காட்டறதா! என்னால ஆவாதுங்க!"

கடையிலிருந்து மேலே வந்திருந்த வீரபாகு கண் கலங்கினார். "பாத்தியாய்யா? மெட்ராஸ்காரங்களுக்கு நம்ம ஊரு மரியாதையைக் காமிச்சிட்டான்" என்று என் தோளைப் பிடித்தார். குணசுந்தரி மட்டும், "அது டி.வி.தானேங்க!" என்றாள். பூஜை போட்ட பொருளை 'டி.வி.' என்று சொன்னதற்காக அவளைச் சரண்யா வெளியே உட்கார வைத்தாள்.

நேரம் முடிந்துவிட்டதால் டாக்டர், "முகத்துல சோர்வு இல்லை, நல்ல அறிகுறி. அடுத்த வாரம் பார்க்கலாம்" என்று மறைந்தார்.

அந்த வாரம் குழு கூடி, காலைக் காட்டாமல் காலைக் காட்டுவது எப்படி என்று விவாதித்தது. துரைக்கண்ணு, காலைப் போட்டோ எடுத்து அந்தப் போட்டோவைக் காட்டலாம் என்றார். காலின் போட்டோவும் காலே என்று வீரபாகு தள்ளிவிட்டார். மேலும், கல்யாண வீடியோவில்கூட மெட்டி போடும்போது தவிரப் பாதத்தைக் காட்டும் வழக்கம் இல்லை என்று ஆலோசகர் என்ற முறையில் நானும் எடுத்துச் சொன்னேன். ஆளை மேஜைமேல் படுக்க வைத்துக் காட்டலாமா என்றார் இன்னொருவர். அப்போது முகம் தெரியாதே என்று அதுவும் கைவிடப்பட்டது. கடைசியில் வீரபாகுவின் மூளையில்தான் மின்னல் வெட்டியது.

"கையும் காலும் ஒரே மாதிரிதானேய்யா? இதுல அஞ்சு விரலு, அதுல அஞ்சு விரலு. கையைக் காட்டட்டும்!"

அடுத்த வாரம் ஜெயவேலின் வலது உள்ளங்கையில், பெருவிரலுக்குக் கீழே, புண் இருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் வட்டம் போட்டுக் குறித்தேன். அளவு சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக அவர் காலைக் குனிந்து பார்த்தேன். வட்டத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாகப் போட வேண்டியிருந்தது. ஜெயவேல் கையைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிக் காட்டினார்.

சரண்யா விளக்கினாள். "சார், இந்தக் கையைக் காலுன்னு நெனச்சிக்கோங்க. இந்த வட்டம்தான் புண்ணு."

டாக்டர் கூர்ந்து பார்த்தார். எங்கள் மூச்சு நின்றது.

"தோல் ஆரோக்கியமா இருக்கு. வீக்கம் இல்லை. சீழ் இல்லை. வலி இருக்கா?"

"துளி கூட வலி இல்லீங்க" என்றார் ஜெயவேல்.

"வெரி குட்! அந்தக் கால் இந்தக் கை மாதிரி இருந்தா ஒண்ணும் பயப்பட வேண்டாம்" என்றார் டாக்டர் இளஞ்செழியன்.

மாடியில் கைதட்டல் எழுந்தது. ஜெயவேல் ஆனந்தத்தில் கைகூப்பினார். இந்த வாரமும் வெளியில் உட்கார வைக்கப்பட்டிருந்த குணசுந்தரி, "கால் அந்தக் கை மாதிரி இல்லியே!" என்றாள். கதவு ஏ.சி.க்காகச் சாத்தியிருந்ததால் அது விஞ்ஞானத்தின் காதில் விழவில்லை.

இந்த இடத்தில் தொலைமருத்துவத்தின் நன்மைகளில் மிகப் பெரிய ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நேரில் பார்க்கும் மருத்துவருக்கு மூக்கு ஒரு பெரிய இடைஞ்சல். நோயாளி உள்ளே நுழையும்போதே ஏதாவது ஒரு வாடை அடிக்கும். அதை வைத்து அவசரப்பட்டு ஒரு முடிவுக்கு வந்துவிடுவார். எங்கள் டாக்டருக்கு அந்தத் தொல்லை இல்லை. ஒரு மாதம் கழித்து ஜெயவேல் மாடியேறி வரும்போது அவருக்குப் பின்னால் வந்த வாடையில் வரிசையிலிருந்தவர்கள் எழுந்து போனார்கள். சரண்யா ஊதுபத்தி ஏற்றினாள். பிறகு சாம்பிராணி போட்டாள். டாக்டரோ புன்னகை மாறாமல் வைத்தியம் பார்த்தார்.

அன்று ஜெயவேலின் உடம்பு கொதித்தது. கண் செருகியது. முகம் வியர்த்து, லைட் வெளிச்சத்தில் எண்ணெய் பூசியது போல் மினுக்கியது. கேமராவுக்கு மினுக்கு ஆகாது. பவுடர் போட்டுச் சரிசெய்தேன். உதடு வெளுத்திருந்ததால் கல்யாண மாப்பிள்ளைகளுக்குப் போடுகிற சாயத்தைக் கொஞ்சம் தொட்டு வைத்தேன். இணைப்பு கிடைத்தது. மழை மேகம் என்பதால் படம் உடனே உறைந்து நின்றுவிட்டது. உறைந்த படத்தில் ஜெயவேல் பாதி வாய் திறந்திருந்தார். பார்க்கச் சிரிப்பது போலவே இருந்தது.

"இன்னைக்கு முகத்துல தெளிவு வந்திருக்கே!" என்றார் டாக்டர். "அதே மாத்திரை தொடரட்டும்."

அன்று மாலை குணசுந்தரி பட்டு மாளிகைக்கு வந்தாள். கீழே கல்லாவில் இருந்த வீரபாகுவின் முன் நின்று நேராகக் கேட்டாள். நானும் அங்கே இருந்தேன்.

"முதலாளி, நாளைக்குத் தறி ஓடாது. இவரைக் கண்ணமங்கலம் இட்டுகினு போறேன். ஸ்கூட்டர் டாக்டரைப் பார்க்கணும்."

வீரபாகு ஆடிப்போய்விட்டார். "இன்னாம்மா பேசற? மெட்ராஸ் டாக்டரு பார்த்துகினு இருக்கும்போது கண்ணமங்கலம் போறியா? என் மையத்துல காட்டிட்டு இன்னொருத்தர்கிட்ட போனா ஊரு இன்னா பேசும்?"

"ஊரு பேசட்டுங்க. அவரு கால் கறுத்துகினு வருது."

"டாக்டரு கறுப்புன்னு சொன்னாரா?"

"அவரு எங்கங்க பார்த்தாரு?"

"எதிர்த்துப் பேசாதம்மா. தறியில முகூர்த்தப் பொடவை கீது. பேஜார் பண்ணாதே. அது இறங்கினதும் நானே ஜல்தியா ஒரு பெரிய டாக்டரை லைன்ல புடிச்சித் தரேன். இல்லேன்னா அடுத்த பாவு உனக்கு எதுக்கு, நீயே சொல்லு."

இவ்வளவு கனிவான மிரட்டலை நான் கேட்டதில்லை. குணசுந்தரி மறுநாள் காலை தறியில் பாதிப் புடவையை அப்படியே விட்டுவிட்டு, புருஷனைக் கைத்தாங்கலாக நடத்திக்கொண்டு போய் வேலூர் பஸ்ஸில் ஏற்றி, தானும் ஏறினாள். கண்ணமங்கலத்தில் இறங்கினார்கள். டாக்டர் முருகேசன் பழைய பழக்கத்தை விடாத மனிதர். இவர்கள் உள்ளே நுழைந்ததுமே மூக்கைச் சுளித்து எழுந்து, ஜெயவேலை உட்காரக்கூட விடாமல் துணியைப் பிரித்தாராம். "எப்ப ஆச்சு? யாருமே பார்க்கலியா?" என்று குணசுந்தரியைத் திட்டினாராம். "வாராவாரம் பார்த்தாங்க சார்" என்று அவள் சொன்னதும் வாயை மூடிக்கொண்டாராம். அதே ஸ்கூட்டரைப் போட்டுவிட்டு, ஒரு வாடகைக் கார் பிடித்து அவரே கூட உட்கார்ந்து வேலூருக்கு அழைத்துப் போனாராம்.

வேலூரில் உயிரைக் காப்பாற்றினார்கள். வலது பாதத்தின் முன்பாதி போய்விட்டது. ஐந்து விரலும் அதோடு போயின. மிதிக்கட்டையை அழுத்துகிற பாகம் அதுதான்.

எங்கள் மையத்தில் அதனால் பெரிய பாதிப்பு எதுவும் ஏற்படவில்லை என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மையத்தின் விதிப்படி, தொடர்ந்து வந்துகொண்டிருந்த நோயாளி வருவதை நிறுத்திவிட்டால் அவர் 'பூரண குணம்' அடைந்தவராகக் கருதப்படுவார். இந்த முறையில் கணக்கிட்டதில் எங்கள் வெற்றி சென்னையையே மிஞ்சியது. சுடுகாட்டுக்குப் போனவர்களும் எங்களிடம் வருவதை நிறுத்தியவர்கள்தானே? அதிகத் தடவை வந்து திடீரென்று வராமல் போனவர் ஜெயவேல். ஆகவே மற்ற எல்லோரையும்விட அதிகமாகக் குணமானவர் அவரே என்று ஆகிவிட்டது.

மறு வருட ஆயுத பூஜையன்று மையத்தின் முதலாண்டு விழா. சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வருகிறார். மையம் அவர் மனத்துக்குப் பிடித்தால் பக்கத்து ஊர்களான சேத்துப்பட்டிலும் சந்தவாசலிலும் கிளைகள் திறக்கப்படும். 'தலைசிறந்த பயனாளி' என்று மேடையேற்ற வீரபாகு ஜெயவேலைத் தேர்ந்தெடுத்தார். துரைக்கண்ணு மறுபடியும் கையைத் தூக்கினார்.

"அவருக்குத்தான் காலு போயிடுச்சிங்களே, முதலாளி?"

"பேசப் போறது வாயிதானேய்யா? வாயி நல்லாத்தானே கீது!"

ஜெயவேலின் வீட்டுக்கு வீரபாகுவே நேரில் போனார். அங்கே பிரித்துப் போட்ட தறியைப் பார்த்துக்கொண்டே பேசினார். மேடையில் நாலு நல்ல வார்த்தை சொன்னால் கடையில் புடவை மடிக்கிற வேலை, உட்கார்ந்த வேலை, போட்டுத் தருவதாகச் சொன்னார். ஜெயவேல் மனைவியைப் பார்த்தார். தறி நின்று மாதங்கள் ஆகிவிட்டன. வீட்டில் அடுப்பு அவள் அக்கம்பக்கத்தில் செய்கிற வேலையால் எரிந்துகொண்டிருந்தது. "போலாங்க. நானும் கூட வர்றேன்" என்றாள் குணசுந்தரி. அவள் அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டதில் வீரபாகுவுக்குப் பெருமகிழ்ச்சி.

விழா அன்று பந்தலில் இடம் கொள்ளவில்லை. மாடியிலிருந்த எல்லாவற்றையும் கீழே இறக்கி மேடையில் வைத்திருந்தோம். முத்திரை உடையாமல் கேமராவையும் இறக்கியது என் வாழ்நாள் சாதனை. திரையில் டாக்டர் இளஞ்செழியன் புதிய டை கட்டி உட்கார்ந்திருந்தார். அதிகாரி முன்வரிசையில். ஜெயவேலை மேஜைக்குப் பின்னால் நாற்காலியில் உட்கார வைத்தோம். மேஜைத் துணி தரைவரை தொங்கியதால் மேடை களையாக இருந்தது. நான் அவருக்குப் பவுடர் போட்டுவிட்டு, பேச வேண்டியதை இன்னொரு தடவை காதில் ஓதினேன்.

வீரபாகு ஒலிபெருக்கியில் முழங்கினார். "ஒரு பைசா செலவில்லாம, ஒரு விரலும் மேல படாம..." என்று ஆரம்பித்து, அந்த வாக்கியம் வேறு திசையில் போவதைக் கவனித்து, சட்டென்று டாக்டரைப் பேச அழைத்தார்.

"வணக்கம் ஜெயவேல்!" என்றார் டாக்டர். "ரொம்ப நாளாச்சு! முகம் நல்லா தெரியுது. எப்படி இருக்கீங்க?"

பந்தலே கைதட்டியது. ஜெயவேல் ஒலிபெருக்கியைப் பார்த்தார். வாய் திறந்தார். சொல்லிக் கொடுத்தது ஒன்றும் வரவில்லை. கும்பிடத்தான் கை எழும்பியது. கண்ணில் நீர் கோத்தது. ஆனந்தக் கண்ணீர் என்று வீரபாகு அதிகாரியிடம் குனிந்து சொன்னார்.

அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து குணசுந்தரி எழுந்து மேடைக்கு வந்தாள். யாரும் தடுக்கவில்லை, மாலை போட வருகிறாள் என்று நினைத்தோம். அவள் மேஜைத் துணியை விலக்கி, கீழே குனிந்து, புருஷனின் வலது காலை இரண்டு கையாலும் தூக்கினாள். காலில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்தாள். பட்டுத் துணி போட்ட மேஜைமேல், கேமராவுக்கு நேராக வைத்தாள். ஜெயவேல், "வேணாம்டி, வேணாம்டி" என்று முகத்தை மூடிக்கொண்டார்.

"காலை எடும்மா! மரியாதை இல்லாம இன்னா இது!" என்று வீரபாகு கத்தினார்.

குணசுந்தரி அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரையைப் பார்த்துத்தான் பேசினாள். "என் வூட்டுக்காரரு மரியாதை தெரிஞ்ச மனுசன் சார். உங்க மூஞ்சிக்கு நேரா காலை நீட்டக் கூடாதுன்னு கையைக் காட்டிகினே இருந்தாரு. எனக்கு மரியாதை தெரியாது. இப்ப நல்லா தெரியுதா, பாருங்க!"

ஒலிபெருக்கி அவள் குரலைக் கடைத்தெரு முழுக்கக் கொண்டுபோனது. அந்தப் பேச்சும் அந்தப் படமும் வானத்துக்குப் போய்ச் சென்னையில் இறங்கும்வரை எல்லோரும் டாக்டரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவர் இன்னும் புன்னகைத்துக்கொண்டிருந்தார். பிறகு புன்னகை நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். திரைக்கு மிக அருகில் குனிந்து வந்து, வெகுநேரம் பார்த்தார்.

"அடடா, இப்படி ஆகிற வரைக்கும் சும்மாவா இருந்தீங்க?" என்றார் மனம் பதறி. "ஆரம்பத்துலயே இதை ஒரு டாக்டர்கிட்ட காட்டியிருக்கக் கூடாதா?"

ஓராண்டுக் காலத்தில் எங்கள் மையம் சொன்ன முதல் சரியான மருத்துவ ஆலோசனை அதுதான்.